வெறும் வயிற்றில் மூன்று மாத்திரை

அச்சகத்தில் பிழை திருத்துவதே அவருக்குப் பிழைப்பு. ஓர் ஒற்று விடுபட்டிருந்தாலும் அவருக்குச் சாப்பாடு இறங்காது என்று கூட வேலை செய்பவர்கள் கேலி பேசுவார்கள். ஒரு வருடமாக நிஜமாகவே இறங்கவில்லை. மேல்வயிற்றில் பிடித்த வலி முதுகைத் துளைத்துக்கொண்டு போனது. தின்றது எதுவும் உடம்பில் ஒட்டாமல் எண்ணெயாய்க் கழிந்தது.

டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்துவிட்டு, “கணையத்துல நாள்பட்ட அழற்சி. தண்ணி உண்டா?” என்று கேட்டார்.

“தினம் மூணு லிட்டர்,” என்றார் பெருமையாக.

“ஐயோ, அவர் குடிக்கிறது நிஜத் தண்ணி டாக்டர்!” என்று பதறினாள் மனைவி.

“சிகரெட்?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மனைவி பத்து விரலையும் விரித்துக் காட்டினாள்.

“அதை இன்னைக்கே விடணும். வலிக்குத் தனி மாத்திரை. கணையம் சுரக்காத செரிமானச் சாறுக்குப் பதிலா இந்த மாத்திரை, வேளைக்கு ஒண்ணு. கணையக் குழாய்ல சின்னதா ஒரு கல் இருக்கு. வலி அடங்கலைன்னா வாய் வழியா டியூப் விட்டு எடுக்கலாம். ஆபரேஷன் கடைசியிலதான்.”

அவர் காதில் தங்கியது ஆபரேஷன் மட்டும்தான்.

இரண்டு மாதம் கழித்து வந்தபோது இன்னும் இரண்டு கிலோ குறைந்திருந்தார்.

“மாத்திரை போடறீங்களா?”

“ஒரு நாள் தவறினதில்லை. பல்லு விளக்கினதும் வெறும் வயித்துல, மூணையும் ஒண்ணா.”

“சாப்பாட்டோடன்னுதானே எழுதினேன்?”

சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினார். ‘சாப்பாட்டுடன்’ என்பதைச் சிவப்பு மையில் அடித்து, மேலே முத்து முத்தாக ‘வெறும் வயிற்றில்’ என்று எழுதியிருந்தது.

“கை தவறி எழுதிட்டீங்கன்னு நினைச்சேன்,” என்றார் பணிவாக.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “உள்ள சாப்பாடே இல்லாம அது எதைங்க செரிக்கும்?”

“என் மளிகைச் சீட்டையும் இப்படித்தான் திருத்துவார் டாக்டர்,” என்றாள் மனைவி. “பருப்பு கேட்டா பழம் வரும்.”

அன்றிலிருந்து முதல் கவளத்தோடு மாத்திரை உள்ளே போகிறதா என்று மனைவி எதிரே உட்கார்ந்து காவல் காத்தாள். உடம்பு தேறியது. சிகரெட்டை விட்டதில் அவருக்கு வந்த எரிச்சலை வீடே அனுபவித்தது. வலி மட்டும் விட்டு விட்டு வந்ததால், டியூப் விட்டுக் கல்லையும் எடுத்தார்கள். வலி பாதிக்கு மேல் குறைந்தது. ஆனால் தொண்டை புண்ணாகி, இரண்டு நாள் அவருக்குப் பேச்சே வரவில்லை.

மூன்றாம் நாள் குரல் திரும்பியது. வார்டுக்குப் பார்க்க வந்த டாக்டரம்மாவை மனைவி வராந்தாவுக்குத் தனியாக அழைத்துப் போய் மெதுவாகக் கேட்டாள்:

“வேற கல்லு எதாவது இருக்கா டாக்டர்?”