வாரத்து மாடு

எண்பத்தெட்டு சித்திரையில், விக்கிரமங்கலத்துக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்கு மெட்ராஸிலிருந்து ஒரு வேன் வந்தது. 'வாரம் ஒரு சிரிப்பு' என்று டி.வி.யில் வரும் நாடகத்தை எடுக்கிறவர்கள். அந்த வாரக் கதை, கால்நடைப் போட்டி. முதல் பரிசு வாங்கும் மாடு மேடையிலேயே பண்ணையார் மானத்தை வாங்கும். அதுதான் சிரிப்பாம்.

பரிசு மாடாக நடிக்க, வேம்பு வளர்த்த செவலைப் பசுவைப் பிடித்தார்கள். பசு பண்ணையார் பஞ்சநாதனுடையது. புல் அறுத்ததும் சாணி அள்ளியதும் வேம்பு. எங்கள் ஊர் வாரக் கணக்கு அது: முதல் கன்று மாட்டுக்காரருக்கு, இரண்டாவது வளர்த்தவருக்கு. முதல் கன்று பஞ்சநாதன் தொழுவத்துக்குப் போய்விட்டது. இரண்டாவது வயிற்றில் எட்டு மாதம். பிறந்தால், மூன்று தலைமுறையில் வேம்பு வீட்டு வாசலில் சொந்தமாக நிற்கும் முதல் மாடு.

"வாரத்து மாடுங்க சார். செனையா வேற இருக்கு, பாத்துக்குங்க" என்றாள் வேம்பு.

"ஆமாம்மா, வாரத்துக்குத்தான். வியாழக்கிழமை ஏழரைக்கு" என்றார் டைரக்டர்.

பரிசு மாட்டின் முன்னால் பச்சை வேண்டும் என்று சொன்னார். கலர் படமாம். ஊரில் இருந்த ஒரே டி.வி. பெட்டி பஞ்சாயத்து ஆபீஸில், கறுப்பு வெள்ளை. அந்த வெயிலில் பச்சை என்று இருந்தது, பஞ்சநாதன் வயலில் அறுத்த சோளத்தாளிலிருந்து மறுபடி துளிர்த்திருந்த மறுதாம்பு மட்டும்தான். தண்ணீர் இல்லாமல் காய்ந்த தாளில் வரும் அந்தத் துளிர் மாட்டுக்கு விஷம். எங்கள் ஊரில் இதைப் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

"அய்யா, மறுதாம்புங்க. நாலு வாய் தின்னா வுழுந்துடும்."

"எனக்கே சொல்றியா புள்ள? திங்க வுட்டாத்தான? கவுத்த இறுக்கிப் புடி. சும்மா படத்துக்கு" என்றார் பஞ்சநாதன்.

மறுதாம்புக்கு முன்னால் மாட்டை நிறுத்தி, வேம்பு இறுக்கித்தான் பிடித்திருந்தாள். காமிராக்காரருக்கு அவள் கிழிந்த சேலை பிடிக்கவில்லை.

"மாடு யாருது?" என்று கேட்டார் டைரக்டர்.

"என்னுது." கேள்வி முடிவதற்குள் பஞ்சநாதன் பட்டு அங்கவஸ்திரத்தோடு வந்து கயிற்றை வாங்கிக் கையில் சுற்றிக்கொண்டார். மாட்டுக் கயிற்றைப் பிடிப்பது அவருக்கு அன்றுதான் முதல் தடவை. பிடித்ததும் மாட்டை மறந்து காமிராவைப் பார்த்தார்.

"அய்யா, திங்குது! இழுங்கய்யா!"

ஓடிய வேம்புவை விளக்குக்காரன் மறித்தான். "சத்தம் போடாதம்மா, டேக் ஓடுது."

பசு நடுங்கியது. வாயில் நுரை. முன்கால் மடிந்து பக்கவாட்டில் சாய்ந்தது. கையில் சுற்றிய கயிற்றோடு பஞ்சநாதனும் அதன் மேல் விழுந்தார்.

"நிறுத்தாத, ஓடட்டும்! எழுதினாக்கூட இப்படி வராது!" என்று கத்தினார் டைரக்டர்.

அரியலூரிலிருந்து மாட்டு டாக்டர் மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கியபோது ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. வயிற்றைத் தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அப்புறம் பேனாவைத் திறந்தார். "மாடு யாருது?"

அங்கவஸ்திரத்துச் சாணியைத் துடைத்தபடி பஞ்சநாதன் சொன்னார்: "வேம்புதுங்க. அவதான வளக்குறா."

காலையில் சொன்ன அதே கம்பீரம்.

குழி வெட்ட வேம்புவின் புருஷன் தர்மனுக்கு ஆள் போனது. அது யார் வேலை என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

"அழுவாத புள்ள. வேற கெடேரி ஒண்ணு ஓட்டி வுடுறேன். மொதக் கன்னு எனக்கு, ரெண்டாவது ஒனக்கு."

"மொதக் கன்னுதான் குடுத்துட்டேனேய்யா?"

"அது அந்த மாட்டுக்கு" என்றார் பஞ்சநாதன், பொறுமையாக.

நாலாவது வியாழக்கிழமை பஞ்சாயத்து ஆபீஸில் ஊரே கூடியது. பஞ்சநாதனுக்கு முன்வரிசையில் நாற்காலி. பெட்டியில் பசு கால் மடிந்து சாய்ந்தது. அதற்கு ஒரு 'டொய்ங்' சத்தம் சேர்த்திருந்தார்கள். அவர் விழுந்ததற்கு இரண்டு. மாடு செத்ததை நேரில் பார்த்தவர்களும் சிரித்தார்கள். சிரிப்பு நாடகமாயிற்றே. கடைசியில் 'மாடு உதவி: திரு. பஞ்சநாதன்' என்று எழுத்து ஓடியது. அவர் கைதட்டச் சொல்லித் திரும்பிப் பார்த்தார்.

இடையில், பசு நின்றுகொண்டிருந்த காட்சியிலேயே, வாசலுக்கு வெளியே நின்ற வேம்புவை ஜெகதாம்பாள் இழுத்தாள். "ஏ வேம்பு, ஒன் மாடு வந்துடுச்சு, வந்து பாரு!"

வேம்பு எட்டிப் பார்த்தாள்.

"அது அய்யா மாடு. என்னுது அது வவுத்துக்குள்ள இருக்கு" என்றாள்.