விமானத்தில் ஏறிய முள்ளங்கி

மிட்சுயோவுக்குத் தன் இருக்கையைச் சாய்க்க மனம் வரவில்லை. பின்னால் இருப்பவருக்கு இடிக்குமே என்ற கவலை. பிசினஸ் வகுப்பில் ஒவ்வொரு இருக்கையும் தனித்தனி ஓட்டுக்குள் இருக்கிறது, உள்ளே படுத்துப் புரண்டாலும் அடுத்தவருக்குத் தெரியாது என்று நாத்தனார் யாசுகோ இரண்டு முறை சொல்லிவிட்டாள். கேட்டால்தானே! மிட்சுயோ எழுந்து நின்று, ஓட்டுக்கு மேலே தலையை நீட்டி, பின்னால் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த மனிதரிடம், "கொஞ்சம் சாய்ச்சுக்கட்டுங்களா?" என்று கேட்டுக் குனிந்தாள். அந்த மனிதரும் அரக்கப்பரக்க எழுந்து குனிந்தார். ஆளுக்கு மூன்று முறை குனிந்து முடித்த பிறகு இருக்கை நான்கு விரல் சாய்ந்தது.

"அண்ணி, இது நம்ம ஊரு பஸ் இல்ல. அப்படியே படுக்கையா விரியும். ஒன்பது வருஷம் சேத்த புள்ளிய இந்த நாலு விரலுக்கா செலவு பண்ணோம்?" என்றாள் யாசுகோ.

"போதும் போதும். எனக்கு இதுவே சொகம்."

ஒன்பது வருஷமாக உப்பு, தவிடு, வண்டிக்குப் பெட்ரோல் என்று வீட்டுக்கும் தொழிலுக்கும் வாங்கிய அத்தனையையும் ஒரே அட்டையில் வாங்கி, யாசுகோ சேர்த்து வைத்த விமானப் புள்ளிகள் அவை. அதில்தான் இரண்டு பேரும் ஹனேடா விமான நிலையத்திலிருந்து லண்டனுக்குப் போகிறார்கள். லண்டனில் அவர்களுக்கு ஒரு வேலையும் இல்லை, தெரிந்தவர் என்று ஒரு ஈ காக்கை கிடையாது. மூன்று நாள் தங்கி மழையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அவர்கள் விமானம் ஏறியது பகல் சாப்பாட்டுக்காக.

வடக்கு ஜப்பானின் அகிதாவில் மலையடிவாரத்தில் இருக்கிறது அவர்கள் குடும்பமான கொமாட்சு வீட்டுப் புகைக்கொட்டகை. முள்ளங்கியைக் கயிற்றில் வரிசையாகக் கட்டி உத்தரத்திலிருந்து தொங்கவிட்டு, கீழே ஓக் விறகும் செர்ரி விறகும் எரித்து, நான்கு நாள் புகையில் வாட்டுவார்கள். பிறகு தவிட்டிலும் உப்பிலும் இரண்டு மாதம் ஊறும். பார்ப்பதற்குப் பழைய செருப்புத் தோல் மாதிரி இருக்கும். வாயில் போட்டுக் கடித்தவன் அப்புறம் அழகைப் பற்றிப் பேசமாட்டான்.

இந்தக் குளிர்காலத்தில் மூன்று மாதத்துக்கு விமான நிறுவனம் அந்த ஊறுகாயைத் தன் பிசினஸ் வகுப்புச் சாப்பாட்டில் சேர்த்திருந்தது. பயணிகளின் கருத்து நன்றாக இருந்தால் அடுத்த வருஷம் முழுக்கத் தொடரும். இல்லையென்றால் அந்த மூன்று மாதத்தோடு சரி. "கூட்டம் கூட்டமாப் பாராட்ட மாட்டாங்க. அது பரவால்ல. ஆனா ஒரு புகார் வந்தாலும் சிரமம்" என்று உணவுப் பிரிவைச் சேர்ந்த ஹோசுமி போனிலேயே சொல்லிவிட்டார். அவரை நம்பி இரண்டாவது கொட்டகை கட்டியாகிவிட்டது. பனி கொட்டும் மாதங்களில் பிழைப்புக்காக வெளியூர் போகும் ஆறு பெண்கள் இந்த வருஷம் ஊரிலேயே முள்ளங்கி கட்டுகிறார்கள். எல்லாம் முகம் தெரியாத பயணிகள் நாக்கில் தொங்கிக்கொண்டிருந்தது.

விமானம் கிளம்பி ஒரு மணி நேரத்தில் பணிப்பெண் ஒருத்தி சாப்பாட்டு அட்டையைக் கொடுத்தாள். கடைசி வரியில், சோற்றுக்கும் சூப்புக்கும் நடுவே, எறும்பு எழுத்தில் "அகிதாவின் புகை முள்ளங்கி" என்று போட்டிருந்தது. வீட்டின் பெயர் இல்லை. யாசுகோ அட்டையை மடித்துக் கைப்பைக்குள் செருகிக்கொண்டாள். மிட்சுயோவுடையதையும் பிடுங்கிச் செருகினாள்.

"அண்ணி, அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடலாமா? இது எங்களதுன்னு?"

"வாயத் தொறந்தே, அடுத்த பிளேன்ல உன்னத் திருப்பி அனுப்பிடுவேன்."

"அனுப்புங்களேன். அதுவும் பிசினஸ் கிளாஸ்தானே?"

மிட்சுயோவின் கோபம் நியாயமானது. தன் பொருளைத் தானே நல்லது என்று சொல்பவர் வீட்டில் பெண் எடுக்கவும் பெண் கொடுக்கவும் அவர்கள் ஊரில் யோசிப்பார்கள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பது அகிதாக் காக்கைக்கும் பொருந்தும்தான். ஆனால் அந்தக் காக்கை அதை வெளியே சொல்லாது. மிட்சுயோவின் புருஷன் எய்கிச்சி அவளை நாலு பேருக்கு அறிமுகப்படுத்தும்போது, "ஒண்ணுக்கும் லாயக்கில்லாத என் வீட்டுக்காரி" என்பான். அவளும் அவனைப் பற்றி அதையேதான் சொல்வாள். முப்பத்துநான்கு வருஷமாக இருவரும் சந்தோஷமாகக் குடித்தனம் நடத்துகிறார்கள்.

சாப்பாடு வந்தது. பரிமாறியவள் ஓமோரி என்ற இளம் பணிப்பெண். நெஞ்சில் குத்தியிருந்த அட்டை அப்படித்தான் சொன்னது. விமானத்திலேயே வடித்த சோறு ஆவி பறந்தது. சுட்ட மீன், வேகவைத்த கிழங்கு, சூப்பு, ஓரமாக உள்ளங்கை அளவுத் தட்டில் இரண்டே இரண்டு துண்டு ஊறுகாய். மிட்சுயோ அந்தத் தட்டையே பார்த்தாள். கட்டிக்கொடுத்த பெண்ணைப் பெரிய இடத்துச் சம்பந்தி வீட்டில் பட்டுடுத்திப் பார்ப்பதுபோல் இருந்தது. எங்கள் முள்ளங்கி இங்கே உட்கார்ந்திருக்கிறது, மேகத்துக்கு மேலே, என்று நினைத்தாள். கண்ணில் நீர் வந்தது. சூப்புக் கிண்ணத்தைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள்.

அதற்குமேல் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கண்ணெல்லாம் அடுத்தவர் தட்டில். கழிப்பறைக்குப் போகிற சாக்கில் நடைவழியில் ஒரு நடை நடந்தாள். தங்க முடிக்காரி ஒருத்தி சோற்றைத் தொடுவதற்கு முன்பே ஊறுகாயைத் தின்று தீர்த்திருந்தாள். கணினியைத் தட்டிக்கொண்டே சாப்பிட்ட ஒருவர் கணினியை மூடிவைத்துவிட்டு மென்றார். பின்னிருக்கைக்காரர் தட்டில் மட்டும் ஒரு துண்டு அப்படியே கிடந்தது.

"வச்சுட்டாருடி."

"யாரு?"

"பின்னாடி இருக்கறவரு. ஒண்ணத் தின்னுட்டு ஒண்ண வச்சுட்டாரு. உப்பு ஏறிப்போச்சா? இந்த உசரத்துல நாக்கு மந்தமாயிடும், கொஞ்சம் கூடப் போடுங்கன்னு ஹோசுமி சொன்னப்பவே நான் யோசிச்சேன்."

"அண்ணி, நீங்க மூணு தடவ கழிப்பறைக்குப் போயாச்சு. அந்தப் பொண்ணு மருந்து கொண்டுவரப் போவுது. உக்காருங்க."

நான்காவது முறை போனபோது அந்த மனிதர் தேநீரை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, மிச்சம் வைத்திருந்த துண்டை எடுத்துக் கண்ணை மூடிக் கடித்துக்கொண்டிருந்தார். பிடித்ததைக் கடைசிக்கு வைத்திருக்கிறார் மகராசன். மிட்சுயோவுக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. மிதந்துகொண்டே திரும்பி வந்தாள். அவள் தட்டை ஏற்கெனவே எடுத்துப் போயிருந்தார்கள். அதில் அவள் ஊறுகாய் இரண்டு துண்டும் தொடாமல் கிடந்தது அப்போது அவள் நினைவிலேயே இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் ஓமோரி வந்து இருக்கையருகே மண்டியிட்டாள்.

"சாப்பாடு பிடிச்சிருந்துதுங்களா? அந்த முள்ளங்கி ஊறுகாய் இந்தப் பருவத்துக்குப் புதுசாச் சேர்த்தது. எப்படி இருந்துதுங்க?"

மிட்சுயோவின் மூளை ஒரு பக்கம் இருக்க, முப்பத்துநான்கு வருஷப் பழக்கம் வாயைத் திறந்துவிட்டது.

"ஐயோ, அதெல்லாம் ஒண்ணும் பெருசா இல்லம்மா. உப்புக் கொஞ்சம் தூக்கல். பக்குவமும் பத்தாது. போயும் போயும் அத எடுத்து வைக்கிறீங்களே, எனக்கே கூச்சமா இருக்கு."

யாசுகோ குடித்த தேநீர் மூக்கில் ஏறியது. ஓமோரியின் முகம் வெளிறியது. ஆழமாகக் குனிந்து மன்னிப்புக் கேட்டு, விறுவிறுவென்று உள்ளே போனாள்.

இரண்டு நிமிஷத்தில் தலைமைப் பணிப்பெண் உட்சுமி வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒரு மயிர் கலையாத கொண்டை. அவளும் மண்டியிட்டாள்.

"ரொம்ப வருத்தப்படறோம். உங்க பேச்சக் கேட்டதுமே அகிதாக்காரங்கன்னு ஓமோரி புரிஞ்சுகிட்டாங்க. எல்லாருடைய தட்டும் காலியா வந்துது. அந்த ஊர்க்காரங்க நீங்க மட்டும் ஒரு துண்டுகூடத் தொடல. அப்படின்னா எங்க தேர்வுதான் தப்பு. உங்க வார்த்தைக்கு மதிப்பு அதிகம். இன்னிக்கே எழுதி உணவுப் பிரிவுக்கு அனுப்பிடறேன்."

மறுபேச்சுக்கு இடமில்லாமல் எழுந்து போய்விட்டாள்.

"யானை தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கும்னு கேட்டிருக்கேன். இன்னிக்குத்தான் பாத்தேன்" என்றாள் யாசுகோ. சிரிக்க முயன்று, முடியாமல் குரல் உடைந்தது. "ஆறு பொண்ணுங்க அண்ணி. அவங்களுக்கு என்ன சொல்வீங்க? நான் போய்ச் சொல்லிட்டு வரேன், விடுங்க."

"வேணாம். என் வாயில வந்தது. நான்தான் போவணும்."

திரைக்குப் பின்னால் சமையல் தடுப்பில் உட்சுமி நின்றபடி கைக்கணினியில் எழுதிக்கொண்டிருந்தாள். மிட்சுயோ இடுப்பு வரை குனிந்தாள்.

"நான் சொன்னத நீங்க பெருசா எடுத்துக்கக் கூடாது. அத எழுத வேணாங்க."

"எங்களுக்காக இவ்வளவு தூரம் எழுந்து வந்தீங்களே!" உட்சுமி அதைவிட ஆழமாகக் குனிந்தாள். "உங்க பெருந்தன்மைக்காகவாவது நான் கண்டிப்பா எழுதணும்."

"இல்லைங்க, உண்மையாவே பரவால்ல."

"பரவால்லன்னு நீங்க சொல்றதக் கேக்கவே எங்களுக்கு வெக்கமா இருக்கு."

பயணி பரவாயில்லை என்று சொன்னால் மனதில் ஆறாத குறை இருக்கிறது என்று எடுத்துக்கொண்டே உட்சுமி இருபது வருஷம் வேலை பார்த்திருக்கிறாள். இவள் ஒரு முறை குனிந்தால் அவள் இரண்டு முறை குனிந்தாள். புகார் ஒவ்வொரு குனியலுக்கும் ஒரு பங்கு கனமாகிக்கொண்டு போனது. இன்னும் இரண்டு முறை குனிந்திருந்தால் கொமாட்சு வீட்டுக் கொட்டகைக்கே பூட்டுப் போட்டிருப்பார்கள்.

அப்போது மூலையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. கறுக், மொறுக். அந்தச் சத்தத்தை மிட்சுயோ தூக்கத்திலும் அறிவாள். திரும்பிப் பார்த்தாள். ஓமோரி மடக்கு இருக்கையில் உட்கார்ந்து, கையில் சோற்றுக் கிண்ணத்துடன், தன் பங்குச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சோற்றின் மேல் பரிமாறி மிஞ்சிய முள்ளங்கித் துண்டுகள் குன்றுபோல் குவிந்திருந்தன. மீன் தொடப்படாமல் ஓரத்தில் கிடந்தது.

பயணி பார்த்துவிட்டதும் அந்தப் பெண் துள்ளி எழுந்தாள். வாய் நிறைய ஊறுகாய். பொத்திக்கொண்டு விழுங்கினாள்.

"நல்லா இருக்காம்மா?" என்று மிட்சுயோ ஆசையோடு கேட்டாள்.

ஓமோரி உட்சுமியைப் பார்த்தாள். பிறகு பயணியைப் பார்த்தாள். பயணி சொன்னதை மறுத்துப் பேசலாமா?

"இல்லைங்க... நீங்க சொன்ன மாதிரிதான். உப்புக் கொஞ்சம் தூக்கல். பக்குவமும்..."

"யாருடி சொன்னது உப்புன்னு!"

மிட்சுயோவுக்குக் காது சிவந்துவிட்டது. தன் பிள்ளையைத் தான் திட்டலாம், நாளெல்லாம் திட்டலாம். அடுத்தவள் ஒரு வார்த்தை சொல்லிப் பார்க்கட்டும்!

"நாலு நாள் நான் பக்கத்துலயே இருந்து விறகு தள்றேன். எந்தக் கட்டை எந்த நேரத்துல போவணும்னு மூக்காலயே சொல்லுவேன். உப்பு என் கையளவு. முப்பத்துநாலு வருஷத்துல ஒரு பீப்பாகூடக் கெட்டதில்ல. உசரத்துல நாக்கு மந்தமாயிடும்னு மலை உச்சிக்குத் தூக்கிட்டுப் போய்த் தின்னு பாத்து, மூணு தடவ அளவ மாத்தினேன். பக்குவம் பத்தாதாம்ல! இதவிட நல்ல முள்ளங்கி அகிதாவுல கிடையாது. அகிதாவுல இல்லேன்னா ஜப்பான்லயே கிடையாது!"

திரைக்கு அப்பால் யாசுகோ "ஆத்தாடி!" என்றது உள்ளே வரை கேட்டது.

சொல்லி முடித்த பிறகுதான் மிட்சுயோவுக்குத் தன் குரல் காதில் விழுந்தது. வாழ்நாளில் சொல்லாத சொல். திருப்பி வாங்கிக்கொள்ளலாமா என்று ஒரு நொடி பார்த்தாள். உள்ளுக்குள் எங்கும் அந்த எண்ணமே இல்லை. எவ்வளவு காலமாக இது நெஞ்சில் கிடந்ததோ, இப்போது பெருமை என்றால் பெருமை, அப்படியே நிமிர்ந்து நின்றாள்.

"இது... உங்க கையால போட்டதா?" என்று உட்சுமி மெல்லக் கேட்டாள்.

"எங்க வீட்டோடது. நான் தின்னாம வச்சது குறையால இல்லைங்க. எல்லாரும் தின்னறதப் பாத்துகிட்டே இருந்துட்டேன்."

ஓமோரியின் கண் கலங்கியது. "ரொம்ப நல்லா இருக்குங்க. நான் ரெண்டாவது கிண்ணம் சோறு போட்டுகிட்டேன். தலைமைக்குக்கூடத் தெரியாது."

"இப்ப தெரிஞ்சுபோச்சு" என்றாள் உட்சுமி. கைக்கணினியில் எழுதியிருந்ததை முழுக்க அழித்தாள். பிறகு விரலை நிறுத்தி, தயங்கினாள்.

"கருத்துன்னு பதிவத் திறந்தாச்சு, வெறுமையா விட முடியாது. என்ன எழுதட்டும்?"

"நல்லா இருக்குன்னு எழுதுங்க."

"பேரு போடணுமே. செஞ்சவங்களே சொன்னதாப் போட்டா, ஆபீஸ்ல சிரிப்பாங்க. பரவால்லியா?"

"சிரிக்கட்டும். கொமாட்சு மிட்சுயோ. செஞ்சவ சொன்னான்னே போடுங்க."

உட்சுமி எழுதினாள். எழுதிய கையோடு, சரிபார்க்கச் சொல்லித் திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினாள். மிட்சுயோ கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எழுத்து எழுத்தாகப் படித்தாள். தன் பெயரை இன்னொரு முறை படித்தாள். பிறகு விரலால் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"இங்க, 'ரொம்ப'வ விட்டுட்டீங்க."