அண்ணிக்கென்று தைத்த கோட்டு

கிரேக்க ஊரான கஸ்தோரியாவில் எங்கள் கடைக்கு ரஷ்யர்கள் ஆகஸ்டு வெயிலில்தான் மிருக ரோமக் கோட்டு வாங்க வருவார்கள். வாங்கினால் பயணமும் விடுதியும் எங்கள் செலவு. வாங்காவிட்டால் அவர்கள் செலவு. அதனால் பேருந்திலிருந்து இறங்கும்போதே கடுகடுவென்றுதான் இறங்குவார்கள்.

கோட்டைப் போட்டுக் காட்டுவது பிலியோ அண்ணி. பேரம் படியாவிட்டால் அண்ணன் ஆர்கிரிஸ் ஒரு கோட்டை அண்ணி தோளில் போட்டு, "இது மட்டும் விக்கிறதுக்கில்ல, என் சம்சாரத்தோடது" என்பார். அவ்வளவுதான். அதுவரை உதட்டைப் பிதுக்கிய ரஷ்யக்காரி அதுதான் வேண்டுமென்று நிற்பாள். அண்ணி முதுகிலிருந்து அப்படிப் போன கோட்டுகள் ஒரு லாரி கொள்ளும். அவருக்கென்று சொந்தமாக இருந்தது ஒரு கம்பளிச் சட்டை.

இந்த வருஷம், இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு, அண்ணன் உண்மையாகவே ஒன்று தைத்தார். கீரி போன்ற மிங்க் பிராணியின் கரும்பழுப்பு ரோமம். துண்டு ஒட்டாத முழுத்தோல். உள்பக்கப் பட்டில் நூலால் அண்ணி பெயரின் முதல் எழுத்து. காலையில் கடையிலேயே கொடுத்தார். அண்ணி கண்ணாடி முன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பேருந்து வந்துவிட்டது.

பெர்ம் என்ற ரஷ்ய ஊர்க்காரி ஒருத்தி நேரே அண்ணியிடம் வந்து, கழுத்து ரோமத்தை ஊதிப் பார்த்தாள்.

"இது விக்கிறதுக்கில்ல. நெசமாவே என் சம்சாரத்தோடது," என்றார் அண்ணன்.

அவர்களைக் கூட்டிவந்த வழிகாட்டி ஜான்னா அதை மொழிபெயர்க்கவே இல்லை. "என்ன முதலாளி, போன வருசமும் இதே பாட்டுத்தானே? வெலையச் சொல்லுங்க."

"சத்தியமா ஜான்னா!"

"சத்தியமும் போன வருசம் பண்ணீங்க."

பெர்ம்காரி ஆறாயிரம் யூரோ என்றாள். அண்ணன் மறுத்தார். ஏழாயிரம். மறுத்தார், கொஞ்சம் மெதுவாக. அண்ணி கண்ணாடி வழியே அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எட்டாயிரத்து ஐந்நூறு என்றதும் அண்ணன் தாடையைத் தடவினார். எனக்கு அந்தத் தடவல் தெரியும். அண்ணிக்கும் தெரியும்.

"பிலியோ, அடுத்த வருசம் இதவிட ஒசத்தியா..."

"உள்ள என் எழுத்து இருக்கே?"

"நூல்தானே. பிரிச்சிடலாம்."

அண்ணி கோட்டைக் கழற்றி, மடியில் போட்டு, ஊசி முனையால் தன் எழுத்தை ஒவ்வொரு தையலாகப் பிரித்தார். பிறகு பெர்ம்காரி தோளில் போட்டு, கழுத்தை நீவிவிட்டார். "ஒங்களுக்குத்தான் எடுப்பா இருக்கு."

ஜான்னா அண்ணி காதருகே குனிந்தாள். "இந்தத் தடவ நடிப்பு பிரமாதம்க்கா. கண்ணுல தண்ணியே வந்துடுச்சே!"

"வேர்வைடி," என்றார் அண்ணி. "ஆகஸ்டுல எவ கோட்டு போடுவா?"