சாந்தகுமாரி ஆன்ட்டி எடுத்த சீட்டு

டெல்லியில் வாழும், அறுபது வயதைத் தாண்டிய தமிழர்களின் தனிமை. இதுதான் என் எம்.ஏ. உளவியல் ஆய்வின் தலைப்பு. தலைப்பு வைப்பது சுலபம், ஆள் பிடிப்பதுதான் பெரும்பாடு. லக்ஷ்மிபாய் நகரில் வீடு வீடாகப் போய் மணியடித்துப் பார்த்தேன். தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் விற்க வந்தவள் என்று நினைத்து, பாதிப் பேர் கதவையே திறக்கவில்லை.

அப்போது கிடைத்தவர்தான் சாந்தகுமாரி ஆன்ட்டி. கரோல் பாகில் இரண்டாவது மாடியில் தனியாக இருப்பவர். மத்திய அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு எங்கள் தமிழ்ச் சங்கத்துக்குச் செயலாளர் ஆனவர். பொங்கலுக்கு ஹால் பிடிப்பது, பிக்னிக்குக்கு பஸ் பேசுவது, தம்போலா விளையாட்டில் டப்பாவிலிருந்து எண் எடுத்து வாசிப்பது எல்லாம் அவர் பொறுப்பு.

"நல்லாப் பேசறவங்களாப் பாத்துத் தரேன். ஜல்தி ஆரம்பி" என்றார்.

ஐந்து பேரைத் தந்தார். ஒவ்வொருவரும் பேட்டி முடிந்ததும், தங்களோடு நெருங்கிப் பழகும் இரண்டு பேரின் பெயரைச் சொல்ல வேண்டும். அவர்களிடம் போனால் அவர்கள் இன்னும் இரண்டு பேரைச் சொல்வார்கள். இதற்குப் பனிப்பந்து முறை என்று பெயர். டெல்லியில் பனி உருண்டதோ இல்லையோ, என் பட்டியல் உருண்டது. பத்தே நாளில் முப்பத்தைந்து பேர். போன இடமெல்லாம் காபி, முறுக்கு. எனக்கு இரண்டு கிலோ ஏறிவிட்டது.

பேட்டிக் கேள்விகளுக்கு அவர்கள் சொன்ன பதில்களுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டிப் பார்த்தால் முப்பத்தைந்து பேரில் ஒருவருக்குக்கூடத் தனிமை இல்லை. நான் அதைச் சந்தோஷச் செய்தி என்று நினைத்து, என் வழிகாட்டி ஆரிப் சாரிடம் கொண்டுபோனேன்.

"கல்யாணப் பந்தியில போய், யாருக்குப் பசின்னு கேட்டிருக்கீங்களே சுபிக்ஷா" என்றார் அவர். "நண்பர்கள் கைகாட்டினவங்கதானே இவங்க எல்லாம்? யார் பேரை யாரும் சொல்லலையோ, அவங்கள்ல குலுக்கி ஆறு பேரைப் பிடிங்க. இல்லேன்னா இந்த ஆய்வை நான் ஏத்துக்க முடியாது."

சமர்ப்பிக்க இரண்டே வாரம் இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆன்ட்டியிடம் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"அச்சா, யாரும் சொல்லாதவங்களா? பாவம், அப்படியும் சில பேர் இருக்கத்தான் செய்வாங்க" என்று சங்கத்தில் அறுபது தாண்டியவர்களின் பெயர்ப் பட்டியலை எடுத்துக் கொடுத்தார். "நாளைக்குச் சீட்டு எழுதிட்டு வா. நான் எடுக்கறேன், என் கை ராசியான கை."

அறைக்கு வந்து, பேட்டி கொடுத்தவர்களையும் அவர்கள் சொன்னவர்களையும் பட்டியலில் ஒவ்வொருவராக அடித்துக்கொண்டே வந்தேன். மிஞ்சியது முப்பத்தொரு பெயர். அதில் ஒன்று சாந்தகுமாரி. எங்கோ தவறு செய்துவிட்டேன் என்று படிவங்களை மறுபடி புரட்டினேன். எழுபது முறை பெயர் கேட்டிருக்கிறேன், ஒருவரும் அவரைச் சொல்லவில்லை. ஏன், எனக்கே அவரைப் பேட்டி எடுக்கத் தோன்றவில்லையே.

அந்தச் சீட்டை மட்டும் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். விட்டால் ஆய்வு பொய். முப்பத்தொன்றில் ஆறுதானே, வராது என்று மனதைத் தேற்றிக்கொண்டு எழுதினேன்.

மறுநாள் ஆன்ட்டி சீட்டுகளைத் தம்போலா டப்பாவிலேயே போட்டுக் குலுக்கினார். ஜோதிலிங்கம் என்று முதல் சீட்டை வாசித்தார். மேலும் இரண்டு வாசித்தார். நான்காவதைப் பிரித்தவர் வாசிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்து, மாட்டிக்கொண்டு, மறுபடி பார்த்தார்.

"இது யாரும் சொல்லாதவங்க டப்பாதானே?"

"ஆமா ஆன்ட்டி." "வேண்டாம்னா விட்டுடலாம், கட்டாயமில்லை."

"எதுக்கு விடணும்? தம்போலாவுல வந்த நம்பரைத் திருப்பிப் போடுவேனா நான்?" என்று மிச்சம் இரண்டையும் எடுத்து வாசித்துவிட்டு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "கேளு."

எட்டுக் கேள்விக்கு டக்கு டக்கென்று பதில் சொன்னார். ஒன்பதாவது கேள்வி: காரியம் எதுவும் இல்லாமல், சும்மா பேசுவதற்கென்று உங்களைக் கடைசியாக அழைத்தவர் யார்?

"எனக்கா? ஒரு நாளைக்கு அம்பது போன் வரும்" என்று செல்போனை எடுத்து, வந்த அழைப்புகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். நடுவில் யாரோ கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை பிக்னிக் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்கள். சிரித்துக்கொண்டே ஆறரை என்றார். மறுபடி தள்ளினார். தள்ளிக்கொண்டே இருந்தார்.

"யாரும் இல்லைன்னு போட்டுக்கோ" என்றார்.

என் ஆய்வுக்கு வேண்டிய ஆள் கிடைத்துவிட்டார். ஒரு துளி சந்தோஷம் இல்லை.

அடுத்த நாள் மெட்ரோவுக்காக நின்றபோது அவரை அழைத்தேன்.

"சொல்லு பேட்டா, இன்னும் ஆள் வேணுமா?"

"இல்லை ஆன்ட்டி."

"பஸ் ஆறரைக்கு."

"தெரியும் ஆன்ட்டி. சும்மாதான் போன் பண்ணேன்."

மறுமுனையில் குக்கர் விசில் அடித்தது.

"இரு, வர்றேன்" என்றார். "அடுப்பை அணைச்சுட்டு வந்து உக்காந்து பேசறேன்."