பார்வதி வைத்த பொட்டு

அப்பாசாமியின் வாட்டர் ஸ்கூட்டருக்கு இடது விலாவில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை உண்டு. கடல்நீரை உறிஞ்சி, இஞ்சினைக் குளிர்வித்து, சூடான தண்ணீரை அந்தத் துளை வழியே துப்புவதுதான் அந்த யந்திரத்தின் ஒழுக்கம். துப்பினால் ஓடும். துப்பாவிட்டால் கொதிக்கும்.

மூன்று மாதமாக அது துப்பவில்லை. ஏன் என்று அப்பாசாமிக்குத் தெரியும். மெக்கானிக் கிளெமானுக்குத் தெரியாது. தெரியாதவன்தான் பழுது பார்த்துக்கொண்டிருந்தான்.

"பிளக் மாத்தியாச்சு. கார்புரேட்டர் கழுவியாச்சு. அடியில தண்ணி உறிஞ்சற விசிறியையும் கழட்டிப் பார்த்தாச்சு, ஒரு பாசி இல்ல, ஒரு மணல் இல்ல" என்றான் கிளெமான். "ஆனாலும் ரெண்டு நிமிஷத்துல கொதிக்குது, உடனே அணைக்க வேண்டியிருக்கு. சாமி, இது மெஷின் இல்ல. என் மாமியார்."

பெயரின் பின்பாதியில் வீராசாமி என்று வால் தொங்கும் கத்தோலிக்கன் அவன். பேசியதெல்லாம் தீவின் கிரியோல் மொழியில்தான். அப்பாசாமிக்கும் தமிழ் என்றால் தைப்பூசத்தன்று உதட்டில் வந்து, மறுநாள் போய்விடும் சமாசாரம்.

சனிக்கிழமை ரீயூனியன் தீவிலிருந்து ஒரு சுற்றுலாக் கூட்டம் வருகிறது. ஓட்டலின் கடற்கரைப் பொறுப்பாளர் லிண்ட்சே காலையிலேயே வந்து, மிகவும் வருத்தத்தோடு, சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போயிருந்தார்: அதற்குள் வண்டி ஓடாவிட்டால் மணலில் அப்பாசாமி வண்டியோடு சவாரிக்கு நிற்கும் இடம் வேறொருவருக்கு. கிராண்ட் பே கடற்கரையில் அப்போதெல்லாம் மணல்கூடக் காலியாக இருக்கக் கூடாது.

துளையை அடைத்திருந்தது பார்வதி. அப்பாசாமியின் மனைவி.

அவள் கார்மெண்ட்ஸ் ஆலையில் சட்டைக் காலர் தைத்தவள். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்ததும் குளித்து, விளக்கேற்றி, குங்குமச் சிமிழோடு நேரே வண்டியிடம் வருவாள். "சோறு போடற வண்டி. நெத்தி மூளியா இருக்கலாமா?" வண்டியின் நெற்றி எது என்பதில் அவளுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. வட்டமாக ஒரு துளை இருக்கிறதே, வேறு எதற்காம்? வெறும் குங்குமம் கடலில் கரைந்தது. கிளெமானின் பெண்டாட்டி ஜிசேல் கொடுத்த மெழுகுவர்த்தியை உருக்கி அதில் குங்குமத்தைக் குழைத்தாள். கோவில் குங்குமமும் மாதா கோவில் மெழுகும் சேர்ந்தால் ஒரு துளையை எத்தனை கச்சிதமாக அடைக்கும் என்பதை, மத நல்லிணக்கம் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் யாரும் இதுவரை சொன்னதில்லை.

சனிக்கிழமை காலை அவள் ஓவர்டைமுக்கு பஸ் ஏறியதும் அப்பாசாமி கம்பியால் அதைத் தோண்டி எடுத்துவிட்டுத்தான் வண்டியைக் கடலில் இறக்குவான். சாயங்காலம் அவள் வந்து பார்த்து, "தண்ணி எடுத்துக்கிச்சு. நல்லது" என்பாள். அவனும் "ஆமா, தண்ணிதான்" என்பான். வருஷக்கணக்கில் இதுவே வழக்கம். இதைவிட நல்ல பொய்யில் எந்தக் குடும்பமும் நடந்ததில்லை.

கடைசி வெள்ளிக்கிழமையும் வைத்தாள். சனிக்கிழமை புயல் எச்சரிக்கை, யாரும் கடலில் இறங்கவில்லை. அவனும் கம்பியை எடுக்கவில்லை. ஞாயிறு காலை அடுப்படியில் விழுந்தவள் எழுந்திருக்கவே இல்லை.

நெற்றி நிறைய குங்குமம் வைத்து அனுப்பினார்கள். "சுமங்கலியா போனா, கொடுத்து வெச்சவ" என்றது ஊர். புருஷன் செத்தால் பெண்டாட்டியின் பொட்டை அழிக்க நாலு கிழவிகள் ஓடி வருவார்கள். பெண்டாட்டி செத்தால் ஆம்பிளையிடம் அழிப்பதற்கு என்ன இருக்கிறது? ஒருத்தனிடமும் ஒன்றும் இல்லை. அப்பாசாமியிடம் இருந்தது. அதனால்தான் "சூடாகுது" என்று சொல்லி வண்டியைக் கரையேற்றிவிட்டு, பார்வையாளனைப் போல உட்கார்ந்திருந்தான்.

கிளெமான் தோட்டத்துக் குழாயை வண்டியில் மாட்டினான். "முதல்ல இஞ்சின், அப்புறம்தான் தண்ணி. மாத்திச் செஞ்சா இஞ்சினுக்குள்ள மீன் வளர்க்கலாம்." இஞ்சின் உறுமியது. தண்ணீரைத் திறந்தான். இஞ்சினின் தலையிலிருந்து கிளம்பும் ரப்பர் பைப்பை விரலால் தடவிக்கொண்டே போனான்.

"சாமி, இந்தப் பைப் எங்க போகுது?"

"எங்கயோ போகுது."

"பைப் எங்கயோ போகாது. என் மச்சான்தான் எங்கயோ போவான்." விரல் பைப்பின் முனையில் நின்றது. எட்டி வெளிப்பக்கம் பார்த்தான். சிவப்பாக ஒரு பொட்டு. விழுந்து விழுந்து சிரித்தான். "பொன் ஜியே, கடவுளே! மூணு மாசமா இதுக்கா நான் குடலை உருவினேன்? ஒரு கம்பி குடு, ரெண்டு குத்து..."

"தொடாதே."

"ஏன்?"

"பார்வதி வெச்சது. கடைசி வெள்ளிக்கிழமை."

கிளெமானின் வாயில் மிச்சமிருந்த சிரிப்புக்குப் போக இடமில்லை. விழுங்கினான். எண்ணெய்க் கையாலேயே சிலுவை போட்டுக்கொண்டான்.

"சரி" என்றான். "ரெண்டு விரல் தள்ளி வேற ஓட்டை போடறேன். பைப்ப அதுக்குத் திருப்பிடலாம். பொட்டு பொட்டா இருக்கட்டும்."

"முடியுமா?"

"மாதா மேல ஆணையா முடியும். வீட்டுக்குப் போய் டிரில் எடுத்துட்டு வரேன். நீ தண்ணிய மூடிட்டு இஞ்சின அணைச்சிடு, வெந்துடப்போகுது." சட்டையைக்கூடப் போடாமல் ஓடினான்.

அப்பாசாமி குழாயடிக்குப் போனான். திருகில் கை வைத்தான். இஞ்சின் சூட்டில் பெயின்ட் வாசனை வரத் தொடங்கியிருந்தது.

ரெண்டு விரல் தள்ளி. பொட்டு இருக்கும். வெயிலில் வெளுக்கும். ஏறி உட்காரும் எவனோ ஒருவனின் குதிகால் பட்டு ஒருநாள் பெயரும். ஏறியவன் அதைப் பார்க்கக்கூட மாட்டான். அடுத்த வெள்ளிக்கிழமை புதிதாக வைக்க எந்தக் கையும் வராது.

பொட்டின் விளிம்பு பளபளத்தது. மெழுகு இளகுகிறது. இப்போது அணைத்தால் உறைந்துவிடும்.

அவள் வைத்ததையெல்லாம் அவள் இல்லாத நேரம் பார்த்துத் தோண்டியவன் அவன். தண்ணீர்தான் எடுத்துக்கொண்டது என்று அவள் நம்பினாள். ஒரு தடவையாவது தண்ணீரே எடுத்துக்கொள்ளட்டும்.

திருகிலிருந்து கையை எடுத்துவிட்டு, வண்டியருகே மண்டியிட்டான்.

சிவப்பு ஒரு ஓரமாக நழுவி, வெள்ளை விலாவில் கோடாக இறங்கியது. துளைக்குள் ஏதோ இருமியது. பிறகு தண்ணீர் பீய்ச்சி அடித்தது: முதலில் இளஞ்சிவப்பாக, ஆவி பறக்க, அவன் மார்பெல்லாம். அப்புறம் வெறும் தண்ணீராக.

கிளெமான் டிரில்லோடு மூச்சிரைக்க வந்தான். "துப்புது! சாமி, துப்ப..." என்று கத்தியவன் அப்பாசாமியின் முகத்தைப் பார்த்தான். சாவு வீட்டுக்கு மிட்டாய்ப் பெட்டியோடு வந்துவிட்டவனைப் போல, டிரில்லை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றான்.