பலகையில் திரும்பிய தகடு

மருமகளும் மாமனாரும் வீடற்றோர் உதவி மையத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி மூன்றரை. குடியிருந்த வீட்டை இடிக்க வந்தவர்கள் இரண்டு நாளைக்கு முன்பே கதவைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவள் இடுப்பில் தையல் மெஷினின் தலை. அவர் கையில் ஒரு பை. அவருக்குக் கை நடுக்கம். சட்டைப் பொத்தானைக்கூட அவள்தான் போட்டுவிட வேண்டும். ஆண்கள் கூடம், பெண்கள் கூடம் என்று பிரித்துவிட்டால் அவர் பாடு என்னாகும்? வழியெல்லாம் அவளுக்கு இதே கவலை.

மேசைக்குப் பின்னால் சுவர் நீளத்துக்கு ஒரு பலகை. வரிசை வரிசையாக ஆணி, ஆணிக்கொரு தகடு. ஊரிலுள்ள ஒவ்வொரு காப்பகக் கட்டிலும் குடும்ப அறையும் அதில் தகடாகத் தொங்கின. ஆள் இருந்தால் சிவப்புப் பக்கம், காலியானால் வெள்ளை. தினமும் மூன்று மணிக்குக் காப்பகங்கள் போனில் கணக்குச் சொல்லும், அங்கே உட்கார்ந்திருக்கும் மேசையம்மா தகடுகளைத் திருப்புவார், நான்கு மணிக்கு இடம் ஒதுக்குவார். முன்பின் தெரியாதவர்களுக்காக யாரோ அன்றாடம் கட்டில் எண்ணிக்கொண்டிருப்பது அவளுக்கு இதுவரை தெரியாது. வாய் பிளந்து பார்த்தாள்.

ஆணும் பெண்ணும் சேர்ந்து தங்கும் குடும்ப அறைகளில் ஒன்றுதான் வெள்ளையாக இருந்தது. நேற்று தலைக்குமேல் கூரையே இல்லாதவர்களுக்குத்தான் அது; உறவினர் வீட்டில் ஒண்டியிருப்பவர்கள் காத்திருக்க வேண்டும்.

"நேத்து எங்க படுத்தீங்க?" என்றார் மேசையம்மா.

மாமனார் முந்திக்கொண்டார். "எம்பொண்ணு வீட்லதான். ராஜா மாதிரி பாத்துக்கிட்டா."

அவருக்குப் பெண்ணே கிடையாது. படுத்தது பஸ் நிலையப் பெஞ்சில். அந்நியர் முன்னால் மானம் போகக்கூடாது என்று பார்த்தார். அறை கைநழுவுவதை அறியார். வெளியாள் முன்னால் மாமனார் பேச்சை அவள் மறுத்ததே இல்லை.

மேசையம்மா உடனே எழுதிவிடவில்லை. எப்போதும் இரண்டு முறை கேட்பார். இரண்டாவது கேள்வி படிவத்தில் இருக்காது.

"சரிங்கய்யா. காலைல மூஞ்சி எங்க கழுவினீங்க?"

"பஸ் ஸ்டாண்டு குழாய்ல. தண்ணி நூல் மாதிரிதான் வருது" என்றார் அவர், குழாய்மேல் இருந்த கோபத்தில்.

அதைக் கேட்டதும் மருமகளுக்கு வாய் வந்தது. "மாமா, கோவிச்சுக்காதீங்க. பெஞ்சுலதாம்மா படுத்தோம். ரெண்டு ராத்திரியா."

அதன்பின் மேசையம்மா நிறைய விசாரித்தார். எந்த முழங்கால் வலி, எந்தப் பக்கம் ஊன்றி எழுவார், மெஷினுக்கு மேசை வேண்டுமா. ஒவ்வொன்றையும் காப்பகத்துக்குப் போனில் சொல்லிவிட்டுத் தகட்டைச் சிவப்புக்குத் திருப்பினார்.

காப்பகம் பஸ்ஸில் மூன்றாவது நிறுத்தத்தில். அறைக்கதவைத் திறந்தார்கள். கழிப்பறைக்குப் பக்கத்தில் கட்டில், ஊன்றி எழ அதன் இடப்புறம் ஒரு நாற்காலி, ஜன்னலோரம் உயரம் குறைந்த மேசை. அரைமணி நேரத்துக்கு முன் வாயால் சொன்னவை மரமும் இரும்புமாக நின்றன. மெஷினை இறக்கிவைக்கவும் மறந்து நின்றாள்.

மாமனார் நாற்காலியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"சொன்னதெல்லாம் நமக்கு முன்னாலயே வந்து சேந்துடுச்சேம்மா" என்றார் மெதுவாக. "நல்லவேளை, நான் சொன்ன எம்பொண்ணு மட்டும் வரல."