வாடகையை இறக்கியவர்

லாரிப் பேட்டையில் அவரை எல்லோரும் ஸ்பீக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் ரகசியம் பேசினால் மூன்றாவது வண்டியில் தூங்குகிறவன் எழுந்து உட்காருவான். அப்பேர்ப்பட்டவர் போன வாரம் ஸ்டெப்னி டயர் மேல் ஏறி நின்று, லோடு பிடித்துத் தரும் ஆப்பைக் கிழிகிழியென்று கிழித்தார்.

“புரோக்கர் கமிஷன் அடிச்சான், சரி. ஆனா வண்டி வழியில நின்னா போன் போட்டுத் திட்டவாவது திட்டுவான். இந்த ஆப்பு திட்டுமா? ஒருத்தன் வாடகைய இறக்க, அடுத்தவன் இன்னும் இறக்க, நம்ம கழுத்தை நம்ம கையாலயே நெரிக்க வைக்குதுய்யா! எடுங்க போனை. அழிங்க!”

முதலில் அழித்தவன் அவருடைய தங்கை புருஷன். “மச்சான் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லி, சரியாக அழிந்துவிட்டதா என்று போனை அவரிடமே காட்டினான். ஸ்பீக்கருக்கு நெஞ்சு ஒரு சுற்றுப் பெருத்தது.

அந்த நெஞ்சு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. வெளியூரில் சரக்கை இறக்கிவிட்டு, திரும்ப லோடு கிடைக்காமல் பெட்ரோல் பங்க் ஓரம் காய்ந்து கிடந்தார். காலி வண்டியை ஓட்டிப் போனால் டீசல் குடிப்பது வண்டி, வயிறு எரிவது இவருக்கு. சும்மா பார்க்கத்தானே போகிறோம் என்று ஆப்பை மறுபடி போனில் போட்டுக்கொண்டார்.

ஊர்ப் பக்கம் போகிற டைல்ஸ் லோடு ஒன்று இருந்தது. எவனோ ஏற்கெனவே ஒரு வாடகை கேட்டிருந்தான். இவர் கொஞ்சம் இறக்கினார். அவனும் இறக்கினான். இவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இறக்கு இறக்கென்று இறக்கி, “யார்கிட்ட!” என்று தனியாக உறுமி, லோடைப் பிடித்தேவிட்டார். ஜெயித்தது யார், தோற்றது யார் என்று யோசிக்க அப்போது நேரமில்லை.

அந்த ஆப்பில் ஒரு வில்லங்கம். ஒப்புக்கொண்ட பிறகுதான் சரக்கு எங்கே ஏற்ற வேண்டும் என்று காட்டும். காட்டியது. தங்கை புருஷன் புரோக்கர் மூலமாக வருஷக்கணக்கில் சரக்கு எடுக்கும் அதே கிடங்கு. ரத்து செய்தால் ஆப்பு இனி அவர் வண்டிக்கு லோடே காட்டாமல் முடக்கிவிடும். மாப்பிள்ளை இன்றைக்கு அங்கே இருக்கவா போகிறான் என்று தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டு கிளம்பினார்.

மாப்பிள்ளை இருந்தான். சரக்கு ஏற்றும் மேடையை ஒட்டி வண்டியை நிறுத்தி, தார்ப்பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, தொங்கிய முகத்தோடு நின்றான். இவரைக் கண்டதும் முகத்தில் வெளிச்சம்.

“மச்சான்! சாமி மாதிரி வந்தீங்க. எவனோ ஒரு பரதேசி ஆப்புல கீழ கேட்டு என் லோடைத் தூக்கிட்டானாம். உங்க தங்கச்சிகிட்ட என்னன்னு போய்ச் சொல்லுவேன்? வந்து சூப்பர்வைசர்கிட்ட நாலு வார்த்தை நறுக்குனு கேளுங்க. அந்த நாய் வரட்டும், ரெண்டு பேருமாப் பார்த்துக்கலாம்.”

“அது வந்து, மாப்பிள்ளை…”

அதற்குள் கையைப் பிடித்து இழுத்துப்போய்ச் சூப்பர்வைசர் முன்னால் நிறுத்திவிட்டான். அவர் போனிலிருந்து தலையைத் தூக்காமல், “ஆப்பு வண்டிக்காரர் யாரு? வந்தாச்சுன்னு காட்டுதே?” என்றார்.

“நான்தான்.”

யார் காதிலும் விழவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஸ்பீக்கர் ஒன்றை இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருந்தது. “நான்தாங்க.”

மச்சான் தமாஷ் பண்ணுகிறார் என்று மாப்பிள்ளை சிரித்தான். இவர் சிரிக்கவில்லை. பிடித்திருந்த கை மெல்ல விலகியது.

“லோடை நீயே எடுத்துட்டுப் போ, மாப்பிள்ளை. நான் காலியாப் போயிக்கிறேன்.”

“அதெல்லாம் ஆகாது. இவர் வண்டி நம்பருக்குத்தான் பில்லு. மேடையைக் காலி பண்ணுப்பா” என்றார் சூப்பர்வைசர்.

மாப்பிள்ளை நேரே போய்த் தன் வண்டியில் ஏறினான். நறுக்கென்று ரெண்டு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் ஸ்பீக்கர் பிழைத்திருப்பார். அவன் வண்டியை எடுத்து ஓரம் கட்டினான்.

இவர் தன் வண்டியை மேடைப் பக்கம் பின்னால் எடுத்தார். குறுகலான இடம். எவன் வண்டி பின்னால் வந்தாலும், ஜென்ம விரோதியாகவே இருந்தாலும், பக்கத்தில் இருக்கிற டிரைவர் இறங்கி வழி சொல்வது லாரிக்காரர்கள் பழக்கம். மாப்பிள்ளையும் இறங்கினான். அவன் முகம் தெரியாதபடி ஸ்பீக்கர் கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டார். அசைகிற கை மட்டும் தெரிந்தது.

“வரலாம்… வரலாம்… லெஃப்ட்ல ஒடிச்சு வாங்க…”

குரலில் கோபம் இல்லை. எந்த ஊர் வண்டிக்கும் சொல்கிற குரல். மேடைக்கு ஒரு சாண் இருக்கும்போது வண்டியைப் படபடவென்று தட்டினான்.

“போதும், நிறுத்துங்க டிரைவர்.”